மெய்நிகர் டிரம் மென்பொருளும் பயனர் கோரிக்கைகளும்

மெய்நிகர் டிரம் மென்பொருள் என்பது டிரம் செட்டின் ஒலிகளைக் கணினியில் சேமித்து வைத்து, விசைப்பலகை, மின்னணு டிரம் பேடு அல்லது முன்பே எழுதிவைத்த தாளக் குறிப்பு வழியாக ஒலிக்கச் செய்யும் மென்பொருளாகும். நினைவகம் மலிவானது, கணினி வேகமானது, அதனால் இத்தகைய மென்பொருள் வளர்ந்தது என்று சொல்வது வழக்கம். அது பாதி உண்மைதான். கிடைத்த நினைவகத்தையும் வேகத்தையும் எதற்குச் செலவிடுவது என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தவர்கள், கருவியை வாசித்துப் பார்த்துக் குறை சொன்ன இசைஞர்கள். முதலில் அவர்கள் உண்மையான டிரம்மின் ஒலியைக் கேட்டார்கள். அது கிடைத்த பிறகு, மனிதக் கையின் ஒழுங்கின்மையைக் கேட்கத் தொடங்கினார்கள். அந்த இரண்டாவது கோரிக்கை இன்றும் முழுதாக நிறைவேறவில்லை.

முன்னோடிக் கருவிகள்

1959-இல் அமெரிக்காவின் வுர்லிட்சர் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த 'சைட்மேன்', வீட்டில் ஆர்கன் வாசிப்பவருக்குத் துணைத்தாளம் தரும் பெட்டி. வால்ட்ஸ், டாங்கோ, ஃபாக்ஸ்ட்ராட் போன்ற நடனத் தாளங்கள் அதில் முன்கூட்டியே அமைந்திருந்தன. பயனர் வேகத்தை மாற்றலாம், தாளத்தைத் தேர்ந்தெடுக்கலாம். புதிய தாளம் எழுத முடியாது. சொந்தத் தாளம் எழுதும் வசதி 1970களில்தான் பரவலாகக் கிடைத்தது. 1975-இல் பாயா நிறுவனம் நிரல்படுத்தக்கூடிய டிரம் கருவியொன்றை விற்றது. 1978-இல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனத்தின் சிஆர்-78 வந்தது. இரண்டிலும் ஒலிகள் மின்சுற்றால் உருவாக்கப்பட்டவை. கிக் டிரம் 'டொப்' என்றும், சிம்பல் வானொலி இரைச்சல் போலவும் ஒலித்தன.

லின் எல்எம்-1

ரோஜர் லின் கலிபோர்னியாவைச் சேர்ந்த கிதார் கலைஞர். லியோன் ரசலின் குழுவில் வாசித்தவர். தன் பாடல்களுக்குத் துணையாக ஒரு தாளக் கருவி வேண்டும் என்பதற்காகவே அவர் மின்னணுவியலுக்குள் வந்தார். அவ்வகையில் எல்எம்-1 கருவியின் முதல் பயனர் அதை உருவாக்கியவரே. உண்மையான டிரம் அடிகளை ஒலிப்பதிவு செய்து சில்லுகளில் ஏற்றலாம் என்ற யோசனையை அவருக்குச் சொன்னவர் டோட்டோ இசைக்குழுவின் விசைப்பலகைக் கலைஞர் ஸ்டீவ் போர்காரோ. டிரம் கருவிகளின் வரலாற்றில் பயனர் ஒருவர் முன்வைத்த ஆலோசனைகளில் இதைவிடப் பெரிய விளைவு தந்தது வேறொன்று இருக்குமா என்பது ஐயமே.

1980-இல் எல்எம்-1 வெளிவந்தது. விலை ஏறத்தாழ 5,000 டாலர். சுமார் 500 கருவிகளே விற்றன. ஆனால் வாங்கியவர்களில் ஸ்டீவி வொண்டர், பிரின்ஸ் போன்றவர்கள் இருந்ததால் அதன் ஒலி உலகம் முழுவதும் கேட்டது.

அந்தக் கருவியில் சிம்பல் இல்லை. ஒலி வினாடிக்குச் சுமார் 28,000 முறை அளக்கப்பட்டு, ஒவ்வொரு அளவும் ஒரு பைட்டாகச் சேமிக்கப்பட்டது. ஸ்னேர் அடி கால் வினாடியில் அடங்கிவிடும். 7,000 பைட் போதும். கிராஷ் சிம்பலோ நான்கு வினாடி அதிர்ந்தாலே 1,12,000 பைட் கேட்கும். சில கிலோபைட் கொள்ளளவு கொண்ட சில்லுகளின் காலத்தில் அது கட்டுப்படியாகாத ஆடம்பரம். எனவே எல்எம்-1-இல் தாளம் எழுதிய பலர், சிம்பலை மட்டும் ஒரு டிரம் கலைஞரை வரவழைத்துத் தனியாகப் பதிவு செய்தனர். பயனர்கள் விடாமல் கேட்ட சிம்பல், 1982-இல் வந்த லின்டிரம் கருவியில் இடம்பெற்றது. விலையும் சுமார் 3,000 டாலராகக் குறைந்தது. 5,000 கருவிகள் வரை விற்றன.

லின் கொண்டுவந்த வேறு இரு வசதிகள் சிம்பலைவிட நீண்ட காலம் நிலைத்தன. ஒன்று, பயனர் தட்டிய அடி சற்று முன்பின்னாக விழுந்தால் அதைச் சரியான காலத்தில் கொண்டுபோய் நிறுத்தும் திருத்தம். பின்னாளில் இது குவாண்டைஸ் எனப் பெயர் பெற்றது. மற்றொன்று ஸ்விங். நிமிடத்துக்கு 120 துடிப்பு என்ற வேகத்தில் பதினாறாம் பங்கு அடிகள் ஒவ்வொன்றும் 125 மில்லிவினாடி இடைவெளியில் விழும். இது 50 சதவீத ஸ்விங், அதாவது நேரான தாளம். 54 சதவீதமாக மாற்றினால் ஒவ்வோர் இரட்டையிலும் இரண்டாவது அடி 10 மில்லிவினாடி தாமதமாகும். கேட்பவர் அதைத் தாமதமாக உணர்வதில்லை. தாளம் தளர்வாக நடப்பதாக உணர்கிறார். 66 சதவீதத்தில் தாமதம் 40 மில்லிவினாடியாகி, தாளம் மும்மை நடைக்கு, நம் திஸ்ர நடைக்கு, அருகில் வந்துவிடும். முதல் வசதி மனிதப் பிழையை நீக்கியது. இரண்டாவது, அந்தப் பிழையில் ஒரு வகையை மட்டும் அளந்து திருப்பிக் கொடுத்தது. அடுத்த நாற்பது ஆண்டுகளின் வாக்குவாதம் முழுவதும் இந்த இரு பொத்தான்களிலேயே இருந்தது எனலாம்.

டிரம் கலைஞர்களின் எதிர்ப்பு

இக்கருவிகளால் நேரடியாகப் பாதிக்கப்பட்டவர்கள் பதிவரங்குகளில் நாட்கூலிக்கு வாசித்த டிரம் கலைஞர்கள். எல்எம்-1-இன் ஒலிகளில் பெரும்பாலானவை லாஸ் ஏஞ்சல்ஸ் பதிவரங்குக் கலைஞர் ஆர்ட் வுட் வாசித்தவை. அவர் ஒரு முறை தட்டிய ஸ்னேர் ஆயிரம் பாடல்களில் வேலை செய்தது. அந்த ஆயிரம் பாடல்களுக்கும் அவர் அழைக்கப்படவில்லை. 1982-இல் பிரித்தானிய இசைஞர் சங்கத்தின் மத்திய லண்டன் கிளை, சின்தசைசர்களையும் டிரம் இயந்திரங்களையும் பயன்படுத்தத் தடை கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. அது சங்கம் முழுவதற்குமான கொள்கையாகவில்லை. இயந்திரத்தோடு போட்டியிடாமல் அதை நிரல்படுத்தக் கற்றுக்கொண்ட டிரம் கலைஞர்களும் இருந்தனர். தாளம் எங்கே செயற்கையாக ஒலிக்கிறது என்று கருவி செய்தவர்களிடம் துல்லியமாகச் சொல்லத் தெரிந்தவர்களும் இவர்களே.

கேட்டதும் பயன்படுத்தியதும்

பயனர் கேட்டதெல்லாம் பயனருக்கு வேண்டியதாக இருந்ததில்லை. 1980-இல் வெளியான ரோலண்டின் டிஆர்-808 கருவியில் ஒலிப்பதிவு எதுவும் இல்லை. எல்லாமே மின்சுற்று ஒலி. உண்மையான டிரம்போல் இல்லை என்பதே அதன்மீதான முதன்மைக் குறையாக இருந்தது. சுமார் 12,000 கருவிகளுடன் 1983-இல் உற்பத்தி நின்றது. பழைய பொருளாக மலிவு விலைக்கு வந்த பிறகு அது ஹிப் ஹாப், டெக்னோ இளைஞர்களின் கைக்குப் போனது. நீண்டு முழங்கும் அதன் கிக் ஒலியை அவர்கள் குறையாகப் பார்க்கவில்லை. இன்று ஏறக்குறைய எல்லா டிரம் மென்பொருளிலும் 808 ஒலித்தொகுப்பு இருக்கிறது.

பிரின்ஸும் இப்படியே நடந்துகொண்டார். எல்எம்-1-இல் ஒவ்வோர் ஒலிக்கும் சுருதி மாற்றும் திருகும் தனி வெளியீடும் இருந்தன. அவர் ஒலிகளின் சுருதியை மிகக் கீழே இறக்கி, கிதாருக்கான எஃபெக்ட் பெடல்கள் வழியாகச் செலுத்தினார். கிடைத்தது எந்த டிரம்மிலும் எழாத ஒலி. லின் 1988-இல் அக்காய் நிறுவனத்துக்காக வடிவமைத்த எம்பிசி60-இன் வழிவந்த எம்பிசி3000-ஐப் பயன்படுத்திய ஜே டில்லா, காலத்திருத்தத்தை அணைத்துவிட்டு விரலால் தட்டியதை அப்படியே விட்டுவைத்தார். அவருடைய அந்தக் கருவி இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது.

மென்பொருளாக மாறிய டிரம்

1983-இல் அறிமுகமான மிடி, வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் பொது மொழியானது. ஓர் அடி எவ்வளவு பலமாக விழுந்தது என்பதை 1 முதல் 127 வரையான எண்ணால் அது சொல்லும். 1991-இன் ஜெனரல் மிடி தரம் எந்த எண்ணில் எந்த டிரம் என்பதையும் நிலைப்படுத்தியது: 36 கிக், 38 ஸ்னேர், 42 மூடிய ஹை-ஹாட், 46 திறந்த ஹை-ஹாட். ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1996-இல் வெளியிட்ட விஎஸ்டி தொழில்நுட்பம் 1999-இல் இசைக்கருவிகளையும் ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு டிரம் பெட்டி கணினித் திரைக்குள் குடியேறியது.

கணினியில் நினைவகத்துக்குப் பஞ்சமில்லை. ஆயினும் புதிய புகார் ஒன்று எழுந்தது. ஸ்னேரை வேகமாக உருட்டினால் ஒரே ஒலிப்பதிவு மீண்டும் மீண்டும் ஒலித்து, இயந்திரத் துப்பாக்கி சுடுவதுபோல் கேட்கும். மனிதர் இரண்டு முறை ஒரே மாதிரி அடிப்பதில்லை. குச்சி தோலில் படும் இடம் மாறும், இடக்கையும் வலக்கையும் வேறுபடும். இதற்கு விடையாக, ஒவ்வோர் அடியையும் பல பலநிலைகளில், ஒவ்வொரு நிலையிலும் பல முறை பதிவு செய்து, சுழற்சி முறையில் மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்தனர். ஒலித்தொகுப்புகள் மெகாபைட்டிலிருந்து கிகாபைட்டுக்கு வீங்கியதற்கு முதன்மைக் காரணம் இதுதான். 2003-இல் வந்த எஃப்எக்ஸ்பான்ஷனின் பிஎஃப்டி, ஸ்வீடனின் டூன்டிராக் வெளியிட்ட தொகுப்புகள் ஆகியவை இவ்வழியில் சென்றன. 2017-இல் வெளியான சுப்பீரியர் டிரம்மர் 3, பெல்ஜியத்தின் கேலக்சி ஸ்டுடியோவில் ஜார்ஜ் மாசன்பர்க் பதிவு செய்த சுமார் 230 கிகாபைட் ஒலியைக் கொண்டது.

பதிவரங்கில் ஸ்னேருக்கு வைத்த மைக்கில் கிக்கும் சிம்பலும் கசிவது ஒலிப்பதிவாளரின் தலைவலி. அதைத் தடுக்கவே அவர் பாடுபடுவார். தூய்மையான தனித்தனி ஒலிகளோடு மென்பொருள் வந்தபோது, டிரம் செட் ஓர் அறையில் ஒன்றாக ஒலிப்பதுபோல் இல்லை என்று பயனர்கள் குறைபட்டனர். இதனால் கசிவும் தனியே பதிவாகி, கூட்டிக் குறைக்கும் திருகோடு விற்பனைக்கு வந்தது.

மின்னணு டிரம் பேடுகளை இணைத்து வாசித்தவர்களின் முறையீடு வேறு. அடித்த பின் ஒலி வரும் தாமதம் அவர்களைத் தடுமாற வைத்தது. வினாடிக்கு 44,100 அளவுகள் என்ற கணக்கில், 512 அளவுகளைச் சேர்த்துவைத்து அனுப்பும் கணினி அதற்கே சுமார் 12 மில்லிவினாடி எடுத்துக்கொள்ளும்; 64 என்றால் ஒன்றரை மில்லிவினாடிதான். 54 சதவீத ஸ்விங்கின் வேறுபாடே 10 மில்லிவினாடி என்பதை நினைத்தால் அவர்களின் எரிச்சல் விளங்கும். ஹை-ஹாட்டும் நெடுநாள் சிக்கலாக இருந்தது. கால் பெடல் திறப்பு, மூடல் என்ற இரண்டு நிலைகளில் நிற்பதில்லை. இடையில் எண்ணற்ற நிலைகள் உண்டு. பெடலின் நிலையைத் தொடர்ச்சியாக அறிந்து, அதற்கேற்ற ஒலியைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு சிறிது சிறிதாகவே சீர்ப்பட்டது.

டூன்டிராக்கின் தொடக்ககாலத் தொகுப்பான டிரம்கிட் ஃப்ரம் ஹெல், மெஷுகா இசைக்குழுவின் டிரம் கலைஞர் தோமஸ் ஹாகே வாசித்த ஒலிகளால் ஆனது. 2005-இல் அக்குழு வெளியிட்ட 'கேட்ச் தர்ட்டித்ரீ' தொகுப்பில் டிரம் பகுதிகள் வாசிக்கப்படவில்லை, நிரல்படுத்தப்பட்டன. தன் சொந்த அடிகளையே மென்பொருளிலிருந்து எடுத்து அடுக்கிய டிரம் கலைஞரை 1982-இன் லண்டன் தீர்மானம் எதிர்பார்த்திருக்காது.

டிரம் வாசிக்கத் தெரியாத பாடலாசிரியர்களும் கிதார் கலைஞர்களும் பின்னர் பெரும்பான்மைப் பயனர்களாயினர். அவர்களுக்கு ஒலி போதும். என்ன வாசிப்பது என்பதுதான் தெரியவில்லை. 2013-இல் ஆப்பிளின் லாஜிக் ப்ரோ எக்ஸ், எளிமை, சிக்கல், மென்மை, பலம் என்ற குறிப்புகளுக்கேற்ப வாசிக்கும் 'டிரம்மர்' வசதியைக் கொண்டுவந்தது. 2014-இன் ஈசிடிரம்மர் 2, பயனர் தட்டிக்காட்டும் தாளத்துக்கு நெருக்கமானவற்றைத் தேடித் தந்தது.

ஹைட்ரஜன்

விலை கொடுத்து வாங்கும் மென்பொருளில் பயனர் கேட்கலாம், காத்திருக்கலாம். கட்டற்ற மென்பொருளில் அவரே திருத்தலாம். 2000களின் தொடக்கத்தில் இத்தாலியரான அலெசாண்ட்ரோ கொமினு லினக்ஸுக்காகத் தொடங்கிய ஹைட்ரஜன் இவ்வகையில் பரவலாக அறியப்பட்டது. மூல நிரல் ஜிபிஎல் உரிமத்தில் கிடைக்கிறது. பயனர்கள் ஒலித்தொகுப்புகளைத் தாமே உருவாக்கிப் பகிர்கின்றனர். காலம், பலம் ஆகியவற்றைச் சற்றே தாறுமாறாக்கும் திருகுகளும் ஸ்விங் திருகும் அதில் உண்டு. ஆனால் தாறுமாறு வேறு, மனித நடை வேறு. நல்ல டிரம் கலைஞர் தற்செயலாகப் பிந்துவதில்லை. பாடலின் எந்த இடத்தில் பிந்த வேண்டும் என்று அறிந்தே பிந்துகிறார். பகடை உருட்டிப் பெற்ற பிழை இதற்கு ஈடாகாது.

மிருதங்கமும் தபேலாவும்

ஜெனரல் மிடி தரத்தின் 128 கருவிப் பட்டியலில் சிதாரும் ஷெனாயும் உள்ளன. 35 முதல் 81 வரையான தாளக்கருவிப் பட்டியலில் போங்கோ, கொங்கா, டிம்பாலே, மராக்கஸ், விசில்கூட உண்டு. மிருதங்கமும் தபேலாவும் இல்லை. எனவே இவற்றுக்கான மென்பொருள்கள் ஒவ்வொன்றும் தத்தம் எண்வரிசையை வகுத்துக்கொண்டன. ஒன்றில் எழுதிய தாளத்தை இன்னொன்றில் திறந்தால் சொற்கட்டு குலைந்துபோகும்.

பெரிய சிக்கல் கும்கியில் இருக்கிறது. மிருதங்கத்தின் தொப்பியில் இடக்கையை அழுத்தித் தேய்க்கும்போது ஒலியின் சுருதி வளைகிறது. அதே நேரத்தில் வலந்தலையின் மீட்டு தன் சுருதியில் நிற்கிறது. பழைய மிடியில் சுருதி வளைவு ஒரு சேனலில் உள்ள எல்லா ஒலிகளையும் சேர்த்தே வளைத்துவிடும். கும்கிகளைத் தனித்தனியே பதிவு செய்து வைப்பது ஒரு மாற்றுவழி. வாசிப்பவர் விரும்பிய அளவுக்கு வளைக்க அதில் இடமில்லை. ஒவ்வோர் ஒலிக்கும் தனிச் சேனல் ஒதுக்கும் எம்பிஇ முறை 2018-இல் தரமாக ஏற்கப்பட்டது. 2020-இல் ஏற்கப்பட்ட மிடி 2.0, அடியின் பலத்துக்கு 127 நிலைகளுக்குப் பதிலாக 65,536 நிலைகளையும், ஒவ்வோர் ஒலிக்கும் தனியான சுருதி வளைவையும் தருகிறது. இடக்கையின் அழுத்தத்தை உணர்ந்து அந்த எண்களாக மாற்றித் தரும் பேடு இருந்தால்தான் மிருதங்கக் கலைஞருக்கு இவற்றால் பயன். டிரம் பேடுகளோ குச்சியின் அடியை அறிவதற்காக வடிவமைக்கப்பட்டவை.