புரியும் மணலும்

லேத்து வேலையின் வரலாற்றை யார் எழுதினாலும் நுண்ணிய மரைதான் கதாநாயகன். 1800-ஐ ஒட்டி லண்டனில் ஹென்றி மாட்ஸ்லி மரை வெட்டும் லேத்தைச் செப்பம் செய்தார். 1841-இல் ஜோசப் விட்வர்த், அங்குலத்துக்கு எத்தனை புரி, என்ன கோணம் என்று எல்லாப் பட்டறைக்கும் ஒரே அளவை முன்வைத்தார். துல்லியம் பிறந்த கதை அது. ஆனால் வள்ளூர், அத்திப்பட்டு, மீஞ்சூர்ப் பக்கத்துப் பட்டறைகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு முதலில் பழக்கமானது பெரிய புரிதான். ஒரு சுற்றுக்கு இரண்டு அங்குலம், மூன்று அங்குலம் நகர்கிற புரி. எண்ணெய் பிழியும் எக்ஸ்பெல்லரின் தண்டு, மண்ணைத் துளைக்கும் ஆகர், உமியையோ சாம்பலையோ தள்ளிக்கொண்டு போகிற ஸ்க்ரூ கன்வேயர். நுண்மரை இறுக்கிப் பிடிக்கும். இது பொருளை நகர்த்தும்.

அதை வெட்டுவது வேறு வித்தை. சாதாரண மரைக்கு சக் சுற்றும்; பல்சக்கரங்கள் வழியாக லீட் ஸ்க்ரூ அதன் பின்னால் மெதுவாகச் சுற்றி டூலை நகர்த்தும். லீட் ஸ்க்ரூவில் அங்குலத்துக்கு 4 புரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 அங்குலப் பிட்ச் வெட்ட, சக் ஒரு சுற்று முடிப்பதற்குள் லீட் ஸ்க்ரூ 8 சுற்று சுற்றியாக வேண்டும். சக்கை நிமிஷத்துக்கு 40 சுற்று ஓட்டினாலே அது 320. ஒன்று பல் முறியும், இல்லாவிட்டால் டூல் முறியும். எங்க ஊர் பழைய டர்னர் ஒருத்தர் சொல்வார்: “மோட்டார நிறுத்துடா தம்பி. வாலப் புடிச்சு சுத்து, தல தானா சுத்தும்.” லீட் ஸ்க்ரூவின் முனையில் கைப்பிடி மாட்டிச் சுற்றுவார். எட்டுச் சுற்றுக்கு ஒரு தடவை சக் திரும்பும். ஆமை வேகம்தான், ஆனால் எட்டு மடங்கு பலம்.

டூலைச் சாணை பிடிப்பதிலும் வில்லங்கம் இருக்கிறது. 3 அங்குல விட்டத்தில் 2 அங்குலப் பிட்ச் என்றால் புரியின் சரிவு வெளிவிளிம்பில் சுமார் 12 டிகிரி. அதுவே 1.5 அங்குல அடித்தண்டில் 23 டிகிரி ஆகிவிடும். டூலின் பக்கவாட்டை இதற்கேற்பச் சரித்துத் தீட்டாவிட்டால் அது வெட்டாது, உரசும்.

ரொம்பப் பெரிய ஆகர் லேத்தில் பிறப்பதில்லை. தகட்டை வளையமாக வெட்டி, ஒரு இடத்தில் பிளந்து, இரண்டு முனையையும் இழுத்து, குழாயில் வைத்து வெல்டிங் அடிப்பார்கள். 3 அங்குலக் குழாய், 9 அங்குல வெளிவிட்டம், 9 அங்குலப் பிட்ச் என்றால் வளையத்தின் நடு ஓட்டை 3 அங்குலம் இல்லை, சுமார் 4.7. இழுத்தால் அது சுருங்கிக் குழாயைக் கவ்வும். எல்லாம் பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ்தான்.

ஆகர் மண்ணைத் தோண்டி மேலே தள்ளுகிறது. அதே புரியை மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டால்? அப்படி யோசித்தவர் பெல்ஃபாஸ்ட்காரர் அலெக்சாண்டர் மிட்செல். இருபதுகளின் தொடக்கத்திலேயே பார்வையை இழந்தவர். 1833-இல் திருகுத் தூணுக்குக் காப்புரிமை பெற்றார்: இரும்புத் தண்டு, அதன் அடியில் ஒரு சுற்றுக்குக் கொஞ்சம் கூடுதலான அகலப் புரி. 1838-இல் தேம்ஸ் முகத்துவாரத்து மணல்திட்டில் இப்படி ஒன்பது தூண்களை இறக்கினார்கள். ஒவ்வொன்றிலும் புரியின் விட்டம் 4 அடி. மிதவைமேல் ஆட்கள் சுற்றி நடந்து தள்ளத் தள்ள, தூண் 20 அடிக்கும் மேல் உள்ளே போனது. செக்கு மாடு மாதிரிதான், எண்ணெய்க்குப் பதில் கலங்கரை விளக்கம்.

அந்தத் தூண் மதராஸுக்கும் வந்தது. இங்கே அப்போது துறைமுகமே கிடையாது. கப்பல் வெளியே நிற்கும். அலையைத் தாண்டி மசூலாப் படகில் ஆளும் சரக்கும் கரைக்கு வரும். நனையாமல் இறங்கியவர்கள் குறைவு. 1861-இல் ஜார்ஜ் டவுன் கரையிலிருந்து கடலுக்குள் இரும்புக் கடற்பாலம் ஒன்று நீண்டது. நின்றது திருகுத் தூண்கள்மேல். மணலில் கட்டையை அடித்து இறக்குவதைவிட இது மேல். புரியின் அகலம் மொத்தப் பாரத்தையும் மண்ணில் பரப்பிவிடும். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது அதுவல்ல. தூணுக்கும் தூணுக்கும் நடுவே அலை போகும், மணலும் போகும்.

இந்தக் கரையில் மணல் சும்மா கிடக்காது. வருஷக் கணக்கு போட்டால் தெற்கிலிருந்து வடக்கே நடந்துகொண்டே இருக்கும். மயிலாப்பூர்க் கரை மணல்தான் ராயபுரத்துக்கும், பிறகு திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் வந்து சேரும்.

கடற்பாலத்தை அப்பழுக்கில்லாதது என்று சொல்ல மாட்டேன். புயலில் கப்பலுக்கு அது அடைக்கலம் தரவில்லை. 1868, 1872 புயல்கள் அதையே உடைத்தன. வணிகர்கள் மூடிய துறைமுகம் கேட்டதில் நியாயம் இருந்தது. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் எட்வர்ட் அடிக்கல் நாட்டினார். கடலுக்குள் இரண்டு கற்சுவர்கள் நீண்டன. 1881 நவம்பர்ப் புயல் அவற்றைச் சிதைத்தது, மறுபடி கட்டினார்கள். திருகுத் தூண் விட்ட வழியைச் சுவர் அடைத்தது. தெற்கே வந்த மணல் அங்கேயே தங்கிற்று. 1884-இல் கவர்னர் கிராண்ட் டஃப் சாலை போட்டு மெரினா என்று பேர் வைத்தாரே, அந்தக் கரை இன்றைய அகலத்துக்கு வந்தது இந்த மணலால்தான். துறைமுக வாயிலையே மணல் மிரட்டியபோது, 1904-இல் தலைமையேற்ற ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் (பின்னாளில் குமாஸ்தா ராமானுஜனின் மேலதிகாரி) வாயிலை வடகிழக்குப் பக்கம் மாற்ற வேண்டியிருந்தது.

வடக்கே மணல் வரவில்லை. அலை மட்டும் வந்தது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று கரை வரிசையாகக் கரைந்தது. மீனவக் குப்பங்கள் தெருத்தெருவாகப் பின்னால் நகர்ந்தன. தெற்கே மாலை நடைக்கு மணல்வெளி கிடைத்ததற்கும் இங்கே வீடு போனதற்கும் ஒரே கணக்கு. மணலைத் தடுக்காத அமைப்பு ஒன்று இதே ஊரில் பல வருஷம் நின்றிருந்தது என்பதை, மெரினாவின் அழகைப் பற்றி எழுதுகிறவர்கள் சேர்த்து எழுதினால் நல்லது.

2001-இல் எண்ணூரில் இன்னொரு துறைமுகம் வந்தது, அதற்கும் கல்சுவர். வள்ளூர் அனல்மின் நிலையத்தின் 1,500 மெகாவாட்டுக்கு நிலக்கரி அங்கேதான் இறங்குகிறது. எண்ணூர் விரைவுச் சாலையில் போனால், கடலுக்கும் சாலைக்கும் நடுவே மைல்கணக்கில் கருங்கல் குவித்திருப்பார்கள். வலை உலர்த்த மணல் இல்லாத இடங்களில் அந்தக் கல்லின்மேலேயே விரிக்கிறார்கள்.