டார்ஷன் பார்: முறுக்கிய கம்பியும் அதை அடக்கும் கருவிகளும்

திண்டுக்கல்லில் இருந்து பழனி போகும் ரோட்டில் ரெட்டியார்சத்திரம் வரும். அதைத் தாண்டிப் போனால் ஒட்டன்சத்திரம். இரண்டு ஊர்ப் பெயரிலும் ஒரு சத்திரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. லாட்ஜ், ஓட்டல் எல்லாம் வருவதற்கு முன்னால் வழிப்போக்கர்கள் ராத்திரி தங்கிப் போக நம் பக்கம் இருந்த ஏற்பாடு அது. சத்திரம் ஓரிடத்தில் நிற்கும். ஆள்தான் அதைத் தேடிப் போக வேண்டும்.

அமெரிக்கர்கள் இதைத் தலைகீழாக்கி, சத்திரத்துக்கே சக்கரம் வைத்துவிட்டார்கள்! படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாவற்றையும் உள்ளே வைத்து ஓட்டிக்கொண்டு போகும் வண்டி. மோட்டார்ஹோம் என்று பெயர். அதில் பழைய வண்டிப் பிரியர்கள் இன்றைக்கும் பொத்திப் பாதுகாக்கும் ஒன்று, ஜெனரல் மோட்டார்ஸ் 1973 முதல் 1978 வரை தயாரித்த ஜி.எம்.சி. மோட்டார்ஹோம். அந்த வண்டியின் முன்பக்க எடையைத் தாங்குவது டார்ஷன் பார் என்கிற ஒரு கம்பி. அதே வகைக் கம்பிதான் பழனி ரோட்டில் பல வருடம் டாக்சியாக ஓடிய அம்பாசடரின் முன்பக்கத்தையும் தாங்கியது.

அந்தக் கம்பியைத் திருத்தும் கருவிகளின் கதைதான் இது. ஸ்பேனருக்கும் ஜாக்கிக்கும் என்ன பெரிய வரலாறு என்று தோன்றலாம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், இருக்கிறது.

முறுக்கினால் ஸ்பிரிங்

லாரியில் பட்டை ஸ்பிரிங் பார்த்திருப்பீர்கள். பைக்கில் சுருள் ஸ்பிரிங் பார்த்திருப்பீர்கள். டார்ஷன் பார் பார்ப்பதற்கு ஸ்பிரிங் மாதிரியே இருக்காது. நேரான உருக்குக் கம்பி, அவ்வளவுதான். ஒரு முனை வண்டியின் சட்டத்தில் அசையாமல் மாட்டியிருக்கும். மறுமுனை சக்கரத்தைத் தாங்கும் கையில் மாட்டியிருக்கும். சக்கரம் மேட்டில் ஏறும்போது கை மேலே போகும், கம்பி முறுக்கிக்கொள்ளும். மேடு தாண்டியதும் முறுக்கு அவிழ்ந்து சக்கரத்தைக் கீழே தள்ளும். ஈரத் துணியைப் பிழிவதைப் போலத்தான். ஆனால் இந்தத் துணி திருப்பிப் பிழியும்.

இதில் ஒரு சுவாரசியமான கணக்கு உண்டு. கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். விட்டம் இரண்டு மடங்கானால் விறைப்பு 16 மடங்கு. வெறும் 10 சதவீதம் தடிமன் கூடினாலே விறைப்பு ஏறக்குறைய 46 சதவீதம் கூடிவிடும். கம்பியில் ஒரு சின்னக் கீறல் விழுந்தாலும் ஆபத்து. விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும். பைப் ரெஞ்ச் போட்டுப் பிடிக்கக் கூடாது, சுத்தியலால் தட்டக் கூடாது என்று சொல்வது அதற்காகத்தான்.

இன்னொரு விஷயம். இந்தக் கம்பிகளைத் தொழிற்சாலையிலேயே ஒரு திசையில் அதிகமாக முறுக்கிப் பழக்கிவிடுவார்கள். அதனால் இடது பக்கக் கம்பியை வலது பக்கம் மாட்டக் கூடாது. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும், குணம் வேறு.

எங்கே ஆரம்பித்தது?

ஜெர்மனியில் ஃபெர்டினாண்ட் போர்ஷேவின் நிறுவனம் 1931இல் டார்ஷன் பார் அமைப்புக்குக் காப்புரிமை வாங்கியது. 1934இல் பிரான்சின் சிட்ரோயன் நிறுவனம் தன்னுடைய டிராக்‌ஷன் அவாந்த் காரில் இதைப் போட்டது. பிறகு போர்ஷே வடிவமைத்த வோல்ஸ்வாகன் பீட்டிலிலும் வந்தது. இங்கிலாந்தில் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மோரிஸ் மைனர் 1948இல் வெளிவந்தது, அதன் முன்பக்கமும் டார்ஷன் பார்தான். (பின்னாளில் மினி காரை உருவாக்கியவரும் இதே இசிகோனிஸ்தான்.)

போர்க்களமும் இந்தக் கம்பியை விடவில்லை. சென்னையை அடுத்த ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவான விஜயந்தா டாங்கியும், பிறகு அங்கே தயாரான டி-72 அஜேயாவும் டார்ஷன் பார் மேல்தான் ஓடின. பக்கத்துக்கு 6 சக்கரம், ஆக 12 கம்பிகள். கம்பிகள் டாங்கியின் அடியில் குறுக்காக ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகப் படுத்திருக்கும்.

சரி, கருவிக்கு வருவோம்.

ஏன் திருத்த வேண்டும்?

வருடக்கணக்கில் எடை சுமந்தால் கம்பி கொஞ்சம் தளரும். வண்டி ஒரு பக்கம் சாயும், முன்பக்கம் இறங்கும். அப்போது கம்பியின் அசையாத முனையைக் கொஞ்சம் திருப்பி வைத்தால் வண்டி பழைய உயரத்துக்கு வந்துவிடும். சுருள் ஸ்பிரிங்கில் இந்த வசதி கிடையாது, தளர்ந்தால் கழற்றி மாற்றத்தான் வேண்டும்.

கேட்க எளிது. சிக்கல் எங்கே என்றால், அந்த முனை சும்மா இல்லை. வண்டியின் எடை முழுக்க அதில் முறுக்காக ஏறி உட்கார்ந்திருக்கிறது. உதாரணத்துக்கு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு சக்கரத்தின் மேல் 1000 கிலோ எடை, சக்கரத்தின் கை 40 சென்டிமீட்டர் நீளம், மறுமுனையில் கம்பியைப் பிடித்திருக்கும் கை 15 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெம்புகோல் விதிப்படி அந்தச் சின்னக் கை தாங்கும் விசை 1000 பெருக்கல் 40 வகுத்தல் 15. கிட்டத்தட்ட 2,667 கிலோ! பிடி நழுவினால் அந்த விசை எதிரில் இருப்பதன் மேல் பாயும். எதிரில் இருப்பது பெரும்பாலும் மெக்கானிக்கின் கையோ முகமோதான்.

ஆக, டார்ஷன் பார் கருவி என்றால் வெறுமனே போல்ட்டைத் திருப்புகிற சாமான் என்று நினைக்க வேண்டாம். அந்த விசையை யார் தாங்குவது என்ற கேள்விக்கு அது ஒரு பதில். மூன்று நாட்டுக்காரர்கள் மூன்று விதமாகப் பதில் சொன்னார்கள்.

முதல் பதில்: பல்லை எண்ணு

பீட்டிலின் பின்பக்கக் கம்பியில் இரண்டு முனையிலும் பல் வெட்டியிருக்கும். உள்முனையில் 40 பல், வெளிமுனையில் 44 பல். உள்ளே ஒரு பல் தள்ளினால் 9 டிகிரி திரும்பும். வெளியே ஒரு பல் தள்ளினால் சுமார் 8.2 டிகிரி. உள்ளே ஒரு பல் முன்னால், வெளியே ஒரு பல் பின்னால் என்று வைத்தால் வித்தியாசம் ஏறக்குறைய 0.8 டிகிரிதான். பிளஸ் ஒன் பிசிக்ஸ் லேபில் வெர்னியர் காலிப்பர் பிடித்தவர்களுக்கு இது உடனே புரியும். அதே தந்திரம்தான்.

இங்கே முக்கியமான கருவி கோணமானி. ரசமட்டம் வைத்த கோணமானியால் கையின் சாய்வை அளந்து, பல்லை எண்ணி மாட்டுவார்கள். முறுக்கை முழுக்க அவிழ்த்த பிறகுதான் அளவே எடுப்பது. மெதுவான வேலை, தப்பானால் திரும்பவும் முதலில் இருந்து.

வோல்ஸ்வாகனின் வேனும் இதே டார்ஷன் பார் குடும்பம்தான். அதற்குள் படுக்கை போட்டு வீடாக்கிக்கொண்டவர்கள் ஏராளம். 1960களிலும் 70களிலும் ஐரோப்பாவில் இருந்து துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக இந்தியாவுக்கு வந்த ஹிப்பி இளைஞர்கள் பலர் அந்த வேன்களில்தான் வந்தார்கள். 1979இல் ஈரானில் புரட்சி, அதே வருடக் கடைசியில் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை. அத்தோடு அந்தப் பாதை அடைபட்டது.

இரண்டாம் பதில்: தனிக் கருவி செய்

அமெரிக்காவில் கிரைஸ்லர் 1957இல் தன் கார்களின் முன்பக்கத்தில் டார்ஷன் பார் போட்டது. உயரத்தைத் திருத்த ஒரு போல்ட் வைத்தது. பல்லைக் கழற்ற வேண்டாம், போல்ட்டைத் திருகினால் போதும். ஜெனரல் மோட்டார்ஸ் 1966 மாடலாகக் கொண்டுவந்த ஓல்ட்ஸ்மொபில் டொரனாடோவிலும் இந்த அமைப்பு வந்தது. அது முன்சக்கரங்கள் இழுத்துப் போகும் கார். சுருள் ஸ்பிரிங் உட்கார வேண்டிய இடத்தில் சக்கரத்துக்குப் போகும் அச்சு இருந்தது. அதனால் ஸ்பிரிங்கை நீட்டிப் பின்னால் படுக்க வைத்துவிட்டார்கள்.

ஜி.எம்.சி. மோட்டார்ஹோம் டொரனாடோவின் இந்த முன்பாகத்தை வாங்கிக்கொண்டது. தரைக்கு அடியில் பின்சக்கரங்களுக்குப் போகும் நீண்ட தண்டு இல்லாததால் வீட்டின் தரையைத் தாழ்வாக வைக்க முடிந்தது. பின்பக்கம் பக்கத்துக்கு இரண்டு சக்கரம், நடுவில் காற்றுப் பை.

உயரம் திருத்த போல்ட் போதும். அதற்கும் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிச் சுமையைக் குறைத்து, மரைக்கு கிரீஸ் போட்ட பிறகே திருக வேண்டும். ஆனால் கம்பியையே கழற்ற வேண்டுமென்றால் அந்தப் போல்ட்டையும் எடுக்க வேண்டும். எடுத்தால் கையைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. அதற்காகத்தான் தனிக் கருவி. தடித்த இரும்புச் சட்டம், குறுக்குச் சட்டத்தைக் கவ்விக்கொள்ளும். நடுவில் ஒரு பெரிய திருகு. அதன் நுனி கையில் உள்ள சின்னக் குழியில் உட்காரும். திருகை இறுக்கினால் சுமை போல்ட்டில் இருந்து கருவிக்கு மாறும். போல்ட்டை எடுத்துவிட்டு, பிறகு திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்து முறுக்கை இறக்கலாம்.

இந்த மாதிரிக் கருவிகளை ஜெனரல் மோட்டார்ஸுக்குச் செய்து கொடுத்த நிறுவனம் கென்ட்-மூர். ஷோரூம் ஒர்க்ஷாப்புகளுக்கு ஒரு கருவி இருந்தால் நூறு வண்டிக்கு உதவும். 1978இல் வண்டித் தயாரிப்பு நின்ற பிறகு நிலைமை மாறியது. வண்டி ஆயிரக்கணக்கில் ரோட்டில் இருக்கிறது, அதைத் திருத்தும் கருவியைத் தேடித் திரிய வேண்டியிருக்கிறது. வண்டி வைத்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் கருவியை இரவல் கொடுத்தார்கள், இன்னும் தடிமனாகப் புதிதாகச் செய்தும் கொண்டார்கள்.

மூன்றாம் பதில்: வண்டியின் எடையே கருவி

இப்போது நம் ஊர்ப் பக்கம். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1942இல் தொடங்கியது. மோரிஸ் ஆக்ஸ்போர்டு இரண்டாம் வரிசைக் காரை 1954இல் லேண்ட்மாஸ்டர் என்றும், மூன்றாம் வரிசையை 1957இல் அம்பாசடர் என்றும் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் அந்த ஆக்ஸ்போர்டின் ஆயுள் சில வருடம்தான். இங்கே 2014 மே மாதம் உத்தர்பாரா தொழிற்சாலை நிற்கும் வரை, 57 வருடம். முகப்பு மாறியது, எஞ்சின் மாறியது, முன்னால் டார்ஷன் பார் பின்னால் பட்டை ஸ்பிரிங் என்ற அடிப்படை நிலைத்தது.

மோரிஸ் மைனரில் கம்பியின் பின்முனைக் கையைச் சட்டத்தோடு பிணைக்க, வரிசையாக ஓட்டை போட்ட ஒரு தகடு உண்டு. எந்த ஓட்டையில் போல்ட் போடுகிறோமோ அதைப் பொறுத்து உயரம் மாறும். பெரிய மாற்றம் வேண்டுமென்றால் பல்லை மாற்ற வேண்டும். இதற்கு மோட்டார்ஹோம் போலக் கவ்வும் கருவி தேவையில்லை. ஜாக்கி, உறுதியான மரக்கட்டை, ஸ்பேனர். சக்கரத்தின் கைக்கு அடியில் ஜாக்கியைக் கொடுத்தால் வண்டியின் எடையே கம்பியின் முறுக்கைப் பிடித்துக்கொள்ளும். ஜாக்கியை மெல்ல இறக்கினால் முறுக்கும் மெல்ல இறங்கும். கருவி வாங்க வேண்டிய செலவை வண்டியே ஏற்றுக்கொள்கிறது!

ஜாக்கியும் கட்டையும் எந்த ரோட்டோரப் பட்டறையிலும் இருக்கும். தனிக் கருவி இல்லாமல் திருத்த முடிகிற வண்டி, ஷோரூம் இல்லாத ஊரிலும் பிழைக்கும். அம்பாசடர் அத்தனை வருடம் ஓடியதற்கு லைசென்ஸ் ராஜ் காலத்தில் போட்டி இல்லாதது பெரிய காரணம். அதை மறுக்க முடியாது. ஆனால் சின்ன ஊர்ப் பட்டறையில் அதைத் திருத்த முடிந்ததும் ஒரு காரணம்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. கவ்வும் கருவி இருக்கும்போது விசையை இரும்பு தாங்குகிறது. ஜாக்கியும் கட்டையும் மட்டும் என்றால் பாதுகாப்பு மெக்கானிக்கின் அனுபவத்தில் இருக்கிறது. கட்டை சரியான இடத்தில் இருக்கிறதா, ஜாக்கி மண்ணில் புதைகிறதா, போல்ட் எப்போது முழுக்க இலகுவாகிறது என்பதெல்லாம் கைப்பழக்கம். மிச்சமான கருவிச் செலவு கணக்கில் இருந்து மறைந்துவிடவில்லை, ரிஸ்க்காக மாறி வேலை செய்கிறவர் பெயரில் ஏறிவிட்டது.

ஒரு தப்பான நம்பிக்கை

டார்ஷன் பாரை டைட் பண்ணினால் வண்டி ஹார்டு ஆகும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. விறைப்பு கம்பியின் விட்டத்தையும் நீளத்தையும் உருக்கையும் பொறுத்தது. முனையைத் திருப்பினால் மாறுவது உயரம் மட்டும்தான். அளவுக்கு மேல் தூக்கினால் சக்கரம் கீழே இறங்க இடமில்லாமல் போய், சின்னப் பள்ளத்தில்கூட வண்டி உதறும். அதைத்தான் ஹார்டு ஆகிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறார்கள். உயரம் மாறினால் சக்கரத்தின் சாய்வும் மாறும். வீல் அலைன்மெண்ட் பார்க்காவிட்டால் டயர் ஒரு பக்கமாகத் தேயும். உயரம் முதலில், அலைன்மெண்ட் பிறகு. மாற்றிச் செய்தால் இரண்டு முறை காசு.

இன்று

அம்பாசடர் பெயரை 2017இல் பிரான்சின் பெஜோ நிறுவனம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. பெயருக்கு 80 கோடி. ஜாக்கியைக் கொடுத்து, கட்டையை வைத்து, முறுக்கை இறக்கத் தெரிந்த கைகளுக்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் மதிப்பு போடவில்லை. நல்லெண்ணம் என்று ஒரு சொத்தை பேலன்ஸ் ஷீட்டில் காட்டுவார்கள் இல்லையா, அதில்கூட இது வராது.

அமெரிக்காவில் கருவி கையில் இருந்தால் புதிய ஆளும் கையேட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம், ஏனென்றால் அங்கே அறிவில் ஒரு பாதி இரும்பாகவே இருக்கிறது. இங்கே அது முழுக்க ஆட்களிடம் இருக்கிறது. பட்டறையில் பெரியவர் செய்வதைப் பையன் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் அடுத்த தலைமுறைக்குப் போகும். அம்பாசடர் வருவது குறையக் குறைய, பார்த்துக் கற்க வாய்ப்பும் குறைகிறது. பழைய வண்டியை ஆசையாக வைத்திருப்பவர்கள் பாகங்களைச் சேர்த்து வைக்கிறார்கள். அந்த வேலை தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால், அவர் செய்வதை ஒரு முறை முழுசாக வீடியோ எடுத்து வைப்பதும் சேமிப்புதான்.