கடல் பழுக்க வைத்த பியர்

இலண்டனின் கிழக்கு ஓரத்தில், லீ ஆற்றங்கரையில், போ என்ற இடத்தில் 1752ஆம் ஆண்டு ஜோர்ஜ் ஹொட்ஜ்சன் பியர் ஆலை ஒன்றைத் தொடங்கினார். இலண்டனின் பெரிய ஆலைக்காரருக்கு முன்னால் அவர் சிறியவர். ஆனால் இடம் வாய்த்திருந்தது. கிழக்கிந்தியக் கம்பனிக் கப்பல்கள் சரக்கேற்றும் பிளாக்வோல் அங்கிருந்து நடை தூரம். கப்பித்தான்மார் தங்கள் சொந்தக் கணக்கிலும் சரக்குக் கொண்டுபோய் இந்தியாவில் விற்பது அக்கால வழக்கம். ஹொட்ஜ்சன் அவர்களுக்குப் பதினெட்டு மாதம் வரை கடன் கொடுத்தார். போன கப்பல் திரும்பி வந்து கணக்குத் தீர்க்க அந்தக் காலம் போதும்.

இந்தியாவுக்கென்றே அவர் ஒரு பியரைக் கண்டுபிடித்தார் என்று பலரும் எழுதுவார்கள். அது கட்டுக்கதை. இங்கிலாந்தின் பணக்காரக் குடும்பங்கள் ஏற்கெனவே ‘ஒக்டோபர் பியர்’ என்று ஒன்றை நிலவறையில் போட்டு ஓரிரு ஆண்டு வைத்திருந்தே குடித்தார்கள். புது அறுவடைப் பார்லியைப் புகை படாமல் கற்கரியில் உலர்த்திய வெளிறிய மோல்ட், தாராளமான ஹாப்ஸ் பூ, மதுவம், தண்ணீர் — வேறொன்றும் இல்லை. அந்த வகைப் பியர்தான் பீப்பாயில் ஏறிக் கப்பலுக்குப் போனது. மூடுமுன் ஒரு பிடி உலர்ந்த ஹாப்ஸ் பூவும் பீப்பாய்க்குள் விழுந்தது.

பயணம் நான்கு முதல் ஆறு மாதம். அத்திலாந்திக்கில் இறங்கி, நிலநடுக்கோட்டைக் கடந்து, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, மறுபடியும் நிலநடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். கப்பலின் அடித்தளத்தில் குளிரும் வெக்கையும் மாறி மாறி வந்தன. ஆட்டம் மட்டும் ஓயவில்லை. ஹாப்ஸின் கசப்புப் பொருள்கள் பாலைப் புளிக்க வைக்கும் வகை நுண்ணுயிர்களை அடக்கி வைத்தன. எஞ்சிய இனிப்பை இன்னொரு மதுவம் மெல்ல மெல்லத் தின்றது. அதைப் பிரெட்டனோமைசிஸ் என்று 1904இல் அடையாளம் காட்டியவர் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆலை விஞ்ஞானி கிளவுசன். நிலவறையில் இரண்டு ஆண்டு எடுக்கும் முதிர்ச்சி கடலில் அரை ஆண்டில் கைகூடியது. வெயிலில் வைத்த தேசிக்காய் ஊறுகாய் விரைவாய்ப் பதமாவது போலத்தான்.

சென்னையில் அப்போது துறைமுகம் இல்லை. கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் அலையை வெட்டிப்போய்ப் பீப்பாய்களைக் கரை சேர்த்தன. கல்கத்தா கசெற் இதழில் 1784இலேயே ‘பேல் ஏல்’ என்னும் வெளிறிய பியரின் விளம்பரம் வந்தது. குடித்தவர்கள் அதிகாரிகளும் வணிகரும். ஐரோப்பியப் படைவீரருக்குப் பெரும்பாலும் கறுப்புப் போர்ட்டர் பியர்தான்.

பேரன்மார் காலத்தில் ஹொட்ஜ்சன் நிறுவனத்துக்குப் பேராசை வந்தது. கப்பித்தான்மாரை விலக்கித் தாங்களே கப்பலேற்றத் தொடங்கி, கடனையும் நிறுத்தினார்கள். கம்பனி வட்டாரம் கசந்தது. 1822இல் கம்பனி இயக்குநர் மார்ஜொரிபாங்ஸ், பேர்ட்டன் நகர ஆலைக்காரர் சாமுவேல் ஓல்சொப்பை அழைத்து, இதேபோல் ஒன்றைச் செய்ய முடியுமா என்று கேட்டார். இரசிய வரியால் சந்தையை இழந்திருந்த ஓல்சொப்புக்கு அது தெய்வச் செயல். அவருடைய ஆள் ஜோப் குட்ஹெட் முதல் மாதிரியை ஒரு தேநீர்ச் சாடியில் காய்ச்சினார் என்பது பேர்ட்டன்காரர் சொல்லும் கதை. கதை உண்மையானால், இந்தப் பானத்தை வீட்டளவில் திரும்பச் செய்த முதல் ஆள் அவர் என்று சொல்லலாம்.

நகல் அசலை வென்றது. காரணம் தண்ணீர். பேர்ட்டன் கிணறுகளில் ஜிப்சம், அதாவது கல்சியம் சல்பேற்று, நிறைய இருந்தது. ஹாப்ஸின் கசப்பை அது உலர்வாகவும் கூராகவும் நாக்கில் நிறுத்தியது.

பிறகு இந்தப் பியருக்கு இறங்குமுகம். 1855இல் இந்தியாவின் கசௌலியில் எட்வேட் டயர் மலைக் குளிரை நம்பி ஆலை வைத்தார். இலங்கையில் சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் குடியேறிப் பியர் செய்ததாகச் சொல்வார்கள்; 1881இல் அங்கே வணிக ஆலை எழுந்து, பின்னாளில் ‘லயன்’ ஆனது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்து பாதை குறுகியது. பனிக்கட்டி இயந்திரமும் குளிர்ந்த லாகர் பியரும் வந்தன. முதலாம் உலகப்போரின் வரியும் கட்டுப்பாடும் இங்கிலாந்திலேயே பியரைத் தண்ணீராக்கின. பெயர் மட்டும் போத்தலில் ஒட்டியிருந்தது.

1963இல் பிரித்தானியா வீட்டில் பியர் காய்ச்சுவதற்கு இருந்த அனுமதிப் பத்திரத்தை நீக்கியது. 1970களில் டேர்டன் பார்க் பியர் வட்டம் பழைய ஆலைக் குறிப்பேடுகளைத் தேடியெடுத்து, வீட்டு அளவுக்குச் சுருக்கிப் புத்தகமாக்கியது. அந்த வழியில் இருபது லீற்றருக்கு ஆறரைக் கிலோ அளவில் வெளிறிய மோல்ட் போதும். 66 பாகை செல்சியஸ் நீரில் ஒன்றரை மணிநேரம் ஊறவைத்து வடித்து, நூற்றைம்பது கிராம் கென்ற் கோல்டிங்ஸ் ஹாப்ஸுடன் கொதிக்க வைத்து, ஆறியபின் மதுவம் இட வேண்டும். நொதித்து அடங்கியதும் ஐம்பது கிராம் உலர் ஹாப்ஸ். மதுசாரம் ஏழு வீதத்தை ஒட்டி நிற்கும். அதன்பின் பிரெட்டனோமைசிஸ் சேர்த்து ஓர் ஆண்டு தொடாமல் விட வேண்டும். அவசரப்பட்டவர் கையில் கிடைப்பது வெறும் கசப்பு.

பியர் எழுத்தாளர் பீட் பிரவுன் காத்திருப்பதோடு திருப்திப்படவில்லை. 2007இல் பேர்ட்டனில் காய்ச்சிய பேல் ஏல் பீப்பாயோடு நன்னம்பிக்கை முனை வழியே இந்தியாவுக்குக் கடற்பயணமே போனார்.

யாழ்ப்பாணத்து நீர்வேலித் தண்ணீரில் இதைச் செய்தால்? எங்கள் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். வாழைக்கு இறைக்கும் கிணறும் அயலிலுள்ள நிலாவரைக் கிணறும் அந்தப் பாறையின் நீர்தான். பேர்ட்டனைப் போல இதுவும் கடின நீர். ஆனால் கடினம் வேறு வகை. இங்கே மிகுந்திருப்பது காபனேற்று. கேத்தலின் அடியில் வெள்ளையாய்ப் படிவது அதுவே. கொதிக்க வைத்துத் தெளிய விட்டால் பெரும்பகுதி இறங்கிவிடும். பிறகு ஜிப்சம் கலந்தால் பேர்ட்டனை நெருங்கலாம். தண்ணீர் தடையல்ல, சட்டம்தான் தடை. 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டப்படி அனுமதிப் பத்திரம் இல்லாமல் இங்கே அடுப்பில் பியர் ஏற்ற முடியாது. இலண்டனில் குடியிருக்கும் நீர்வேலியார் ஏற்றலாம்.

நீர்வேலியார் அறிந்த பானமோ நேர்மாறான குணம் கொண்டது. சீவிய பாளையிலிருந்து முட்டிக்குள் சொட்டும்போதே பனங்கள்ளு நொதிக்கத் தொடங்கிவிடுகிறது. காலையில் இறக்கியது மாலையில் கடுக்கும், மறுநாள் புளிக்கும், இன்னும் விட்டால் வினாகிரி. அதைத் தவறணைக்கு அப்பால் அனுப்ப வழக்கமான வழி, போத்தலில் அடைத்துச் சூடேற்றி மதுவத்தைக் கொன்றுவிடுவது. இலண்டன் தமிழ்க் கடைத் தட்டில் இருப்பது அப்படி நிறுத்தி வைத்த கள்ளு. பேல் ஏல் கப்பலில் மாறிக்கொண்டே போய் நல்லதானது. கள்ளு மாறாதிருக்கும்படி செய்யப்பட்ட பின்பே கப்பலேறுகிறது.

ஆகவே, இந்த இரண்டில் வீட்டில் மீட்கக்கூடியது தொலைவில் பிறந்ததுதான். அதன் கடலுக்கு ஈடாக ஓர் ஆண்டுப் பொறுமை இருக்கிறது. கள்ளுக்கு அப்படி ஈடு கிடையாது. வேண்டுமென்றால் பருவத்தில் ஊருக்கு வர வேண்டும்.