ரப்பர் பாலும் உலோகத் துகளும் – ஒரு வரலாற்றுப் பார்வை



ரப்பர் வரலாற்றில் நம் மலாக்கா மாநிலத்துக்கு முதலிடம் உண்டு. 1896ஆம் ஆண்டில் டான் சாய் யான் என்னும் சீனப் பெருமகனார், சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் தலைவர் ரிட்லியின் தூண்டுதலால், புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். இந்நாட்டில் வாணிப நோக்கோடு தோன்றிய முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே. பிறகு புக்கிட் அசஹானில் பெருந்தோட்டம் உருவாயிற்று. ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களிலும் தோட்டங்கள் பெருகின. நம் முன்னோர் கப்பலேறி வந்து உளி பிடித்தார்கள்.

இந்தக் கதையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் இதற்குள்ளே இன்னொரு கதை இருக்கிறது. அது உலோகங்களின் கதை. ரப்பரைக் கெடுத்ததும் உலோகம். ரப்பருக்குப் போட்டியாக இன்னொரு ரப்பரைச் செய்ததும் உலோகம். அதுவும் கண்ணுக்குத் தெரியாத அளவு!

இடைநிலை உலோகங்கள் என்பவை யாவை?

தனிமங்களின் அட்டவணையை விரித்தால் நடுவில் ஒரு பெருங்கூட்டம் தெரியும். டைட்டானியம், மாங்கனீசு, இரும்பு, கோபால்ட், நிக்கல், செம்பு ஆகியவை அதில் அடங்கும். இவற்றையே இடைநிலை உலோகங்கள் என்கிறார்கள்.

உப்பிலுள்ள சோடியத்துக்கு ஒரே குணம்தான். அது ஓர் எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். இடைநிலை உலோகங்கள் அப்படியல்ல. இரும்பு இரண்டும் கொடுக்கும், மூன்றும் கொடுக்கும். செம்பு ஒன்றும் கொடுக்கும், இரண்டும் கொடுக்கும். கொடுத்ததைத் திரும்பவும் வாங்கிக்கொள்ளும். வேறு மூலக்கூறுகளைத் தன்னோடு சிறிது நேரம் பிடித்து வைத்துப் பிறகு விட்டுவிடும். ஆகவேதான் இவை நல்ல வினையூக்கிகளாக விளங்குகின்றன.

வினையூக்கி என்றால் என்ன? கல்யாணத் தரகரை நினைத்துக்கொள்ளுங்கள். பெண் வீட்டாரையும் மாப்பிள்ளை வீட்டாரையும் சேர்த்து வைப்பார். தாலி கட்டியானதும் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். ஒரே தரகர் நூறு கல்யாணத்தை முடித்துவிடலாம். வினையூக்கியும் வேலை முடிந்தபின் தான் பழையபடியே நிற்கும். அதனால்தான் துளியளவு இருந்தாலே போதும்.

செம்பு செய்த கேடு

பால் ஸ்டோரில் வேலை செய்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். செம்பு, பித்தளைச் சாமான்களைப் பாலுக்குக் கிட்டே விடமாட்டார்கள். வடிகட்டும் சல்லடைகூட எவர்சில்வராக இருப்பதே நல்லது என்பார்கள். "ஏன்னு கேட்டா, மேலேயிருந்து வந்த உத்தரவுன்னு சொல்வாங்க" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் பதில். காரணத்தை அவர்களுக்கு யாரும் விளக்கவில்லை.

காரணம் இதுதான். ரப்பர் என்பது ஐசோபிரீன் என்னும் சிறு கண்ணிகள் ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலி. காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்தச் சங்கிலியை மெதுவாக அறுக்கும். செம்பு அல்லது மாங்கனீசு சேர்ந்துவிட்டால், அது எலக்ட்ரானைக் கொடுப்பதும் வாங்குவதுமாக இருந்து அந்த வேலையை விரைவுபடுத்திவிடும். ரப்பர் பிசுபிசுத்து, வலுவிழந்து போகும். அடர்த்தியாக்கிய ரப்பர் பாலுக்கான அனைத்துலகத் தரவிதி, அதிலுள்ள திடப்பொருள் ஒரு கிலோவுக்குச் செம்பு 8 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது. ஓர் அரிசி மணியின் எடையில் பாதிகூட இல்லை!

பாலிலேயே செம்பு அணுவைக் கொண்ட ஒரு நொதி இயற்கையாக உண்டு. நறுக்கிய வாழைக்காய் கறுப்பதற்குக் காரணமான அதே வகை நொதிதான் இது. பால் காற்றுப்பட்டு நிறம் மங்குவதும் இதனால்தான். வெள்ளைக் கிரேப் ரப்பர் செய்யும்போது பைசல்பைட் கலப்பது இதைத் தடுப்பதற்கே.

போட்டி ரப்பர் பிறந்தது

1942 ஜனவரியில் மலாக்கா ஜப்பானியர் வசமானது. மலாயா ரப்பர் அமெரிக்காவுக்குப் போவது நின்றது. உடனே அமெரிக்கர்கள் செயற்கை ரப்பர் ஆலைகளைக் கட்டினார்கள். 1945இல் அவர்கள் செய்த செயற்கை ரப்பர் சுமார் 8 லட்சம் டன். போருக்குப் பின், இரும்பு உப்பைச் சிறிது சேர்த்து, 5 டிகிரிக் குளிரில் இன்னும் தரமாகச் செய்யக் கற்றார்கள். ஆயினும் அது வேறு சங்கிலி. மரம் செய்யும் சங்கிலியை மனிதனால் செய்ய முடியவில்லை.

இந்த நிலையை மாற்றியது ஓர் அழுக்கு! ஜெர்மனியில் மூல்ஹைம் நகரில் கார்ல் சீக்லர் என்னும் அறிஞர், எத்திலீன் வாயுவை நீண்ட சங்கிலியாகக் கோக்க முயன்றார். ஒருமுறை சங்கிலி வளராமல் இரண்டு கண்ணியோடு நின்றுவிட்டது. ஆராய்ந்தபோது, பாத்திரத்தில் தங்கியிருந்த நிக்கல் துகளே காரணம் என்று தெரிந்தது. "ஓர் உலோகம் சங்கிலியை நிறுத்துமானால், வேறோர் உலோகம் அதை வளர்க்காதா?" என்ற எண்ணம் பிறந்தது. அவர் குழுவினர் ஒவ்வோர் இடைநிலை உலோகமாகச் சோதித்தார்கள். 1953இல் டைட்டானியம் கைகொடுத்தது. இத்தாலியரான ஜூலியோ நாட்டா அதை மேலும் வளர்த்தார். இருவருக்கும் 1963இல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த வினையூக்கியைக் கொண்டு 1954இல் அமெரிக்காவின் குட்ரிச் நிறுவனத்தார் ஐசோபிரீனைக் கோத்தார்கள். மரம் கோப்பது போன்ற சங்கிலியே ஏறக்குறைய அப்படியே வந்துவிட்டது. நம் ஆயாக்கள் விடியற்காலையில் நிரை நிரையாக நடந்து சேர்த்த பாலுக்கு, டைட்டானியத்தின் வழியே போட்டி வந்தது!

தோட்டம் கொடுத்த பதில்

இயற்கை ரப்பர் தோற்றுவிடவில்லை. இழுக்க இழுக்க உறுதிப்படும் அதன் தன்மையை முழுமையாக எட்டுவது அரிது. ஆகாய விமானச் சக்கரங்களுக்கு இன்றும் அதுவே வேண்டும். ஆனால் போட்டியில் நிற்கத் தரம் தேவைப்பட்டது. 1965இல் மலேசியா 'தர நிர்ணய மலேசிய ரப்பர்' திட்டத்தைக் கொண்டுவந்தது. கண்ணால் பார்த்துத் தரம் பிரிக்கும் வழக்கத்துக்குப் பதிலாக, தூசு, சாம்பல் முதலியவற்றை ஆய்வுக்கூடத்தில் அளந்து தரம் சொன்னார்கள். மங்கைத் துடைத்து வைத்ததும், பாலில் பட்டைத்தூள் விழாமல் பார்த்துக்கொண்டதும் சில்லறை வேலை அல்ல. அந்த அளவுகளுக்குப் பின்னால் நம் தொழிலாளர்களின் கைகள் இருந்தன.

இன்று பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாகிவிட்டன. அங்கும் உலோகம் விடவில்லை. எண்ணெயைக் கெட்டிப்படுத்த ஆலைகள் பயன்படுத்தும் வினையூக்கி நிக்கல்தான்.

பெற்றோர்களே! பால் எடுத்தவர்கள் நாம். பாலின் இரகசியம் மட்டும் நெடுங்காலம் நம் கைக்கு வரவில்லை. உத்தரவைக் கேட்டு நடந்த தலைமுறை போதும். காரணத்தைக் கேட்கும் தலைமுறை வளரட்டும். நான்காம் படிவத்தில் உங்கள் பிள்ளை வேதியியல் படிக்க விரும்பினால், "நமக்கெதுக்கு அதெல்லாம்?" என்று சொல்லித் தடுக்காதீர்கள்.

மாணவச் செல்வங்களே! துளி நிக்கல் ஏன் வேலையைக் கெடுத்தது என்று கேட்டதில் ஒரு புதிய தொழிலே பிறந்தது. நீங்களும் ஏன் என்று கேளுங்கள்!