கிளி கோபுரமும் சாம்பல் கிளியும்

திருவண்ணாமலைக்கு வருகிறவர்கள் ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். 217 அடி. அதைத் தாண்டி, வல்லாள கோபுரத்தையும் தாண்டி உள்ளே போகும்போது எதிர்ப்படுகிற கிளி கோபுரம் பெரும்பாலோருக்கு இன்னொரு வாசல், அவ்வளவுதான். வரிசையில் நிற்கிற அவசரத்தில் மேலே சுதைக் கிளி இருப்பதைப் பார்க்கிறவர்கள் குறைவு. எனக்கும் அதைக் காட்டியது என் பாட்டிதான். "அதோ பார், அருணகிரி" என்றாள். கிளியைப் பார்த்தா சொல்கிறாள் என்று அப்போது குழம்பினேன்.

கதை தெரிந்ததுதான். பிரபுடதேவராயன் சபையில் சம்பந்தாண்டான் விட்ட சவாலில் அருணகிரிநாதர் முருகனை வரவழைக்கிறார். அந்த ஒளியில் அரசன் கண்பார்வை போகிறது. பார்வை திரும்பத் தேவலோகத்துப் பாரிஜாதம் வேண்டும். மனித உடம்போடு அங்கே போக முடியாது. செத்துக் கிடந்த ஒரு கிளியின் உடலுக்குள் புகுந்து அருணகிரி பறக்கிறார், தன் உடலைக் கோபுரத்தில் விட்டுவிட்டு. பூவோடு திரும்பி வந்தால் உடலைச் சம்பந்தாண்டான் எரித்துவிட்டிருக்கிறான். பிறகு கிளியாகவே இருந்து கந்தரநுபூதி பாடினார் என்பது மரபு.

இதைப் பக்தியின் வெற்றிக் கதையாகவே வாசித்துப் பழகிவிட்டோம். உடலின் கதையாக ஒருமுறை வாசித்துப் பார்க்கலாம். அருணகிரியின் உடலைப் பற்றி இதே மரபு வேறென்ன சொல்கிறது? பெண்களிடம் அலைந்த உடல், நோய் பிடித்த உடல், கோபுரத்திலிருந்து குதித்துச் சாக முயன்ற உடல். அந்த உடலைத்தான் எதிரி எரிக்கிறான். மிஞ்சுவது குரல் மட்டும். அது ஒரு பறவையின் தொண்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை என்று கிளிக்குச் சொந்தப் பேச்சே இல்லையென முடிவுகட்டிய ஒரு மொழி, தன் பெருங்கவி ஒருவனின் கடைசிக் குரலைக் கிளியிடம் கொடுத்திருக்கிறது. தமிழின் கிளிச் சொல்லாடல் முழுவதும் இந்த முரணுக்குள் அடங்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. கிளி பேசும்போது பேசுவது யார்? அதைப் பேசவைத்தவன் அதன் உடலை என்ன செய்தான்?

சங்கப் பிரதிகளின் குறிஞ்சியில் கிளி வளர்ப்புப் பறவையாக அறிமுகமாகவில்லை, திருடனாகத்தான் அறிமுகமாகிறது. தினைக் கதிரைக் கொத்த வருகிறது. பெண்கள் பரண்மேல் நின்று தழலும் தட்டையும் குளிரும் கொண்டு ஓட்டுகிறார்கள். ஐங்குறுநூற்றில் கபிலர் கிள்ளைப் பத்து என்று கிளிக்குத் தனியாகப் பத்துப் பாட்டே பாடியிருக்கிறார். கவனிக்க வேண்டியது, கிளி வருவதால்தான் பெண் வெளியில் இருக்கிறாள் என்பது. அவன் வருகிறான், சந்திக்கிறார்கள், எல்லாம் கிளி உபயம். தினை அறுத்தாயிற்று என்றால் கிளிக்கு வேலையில்லை, அவளுக்கும் புனத்தில் வேலையில்லை. வீட்டுக்குள் அடைத்துவிடுவார்கள். இற்செறிப்பு என்று அதற்கு இலக்கணத்தில் பெயரே உண்டு. எம்.ஏ. வகுப்பில் இதை ஒரு 'துறை' என்று மனப்பாடம் செய்தோம். அந்தச் சொல்லுக்குள் ஒரு கதவு சாத்துகிற சத்தம் இருப்பதை எந்த ஆசிரியரும் சொன்னதில்லை.

பிற்காலத்தில் கிளியும் அவளோடு வீட்டுக்குள் வந்துவிடுகிறது. மாடத்தில் கூண்டு, கூண்டுக்குப் பக்கத்தில் தலைவி, கிளிக்குத் தலைவன் பெயரைச் சொல்லிக்கொடுக்கும் பொழுதுபோக்கு. தூது இலக்கியக்காரர்கள் கிளியை அனுப்பினார்கள். பலபட்டடைச் சொக்கநாதப் புலவரின் அழகர் கிள்ளைவிடு தூது நினைவுக்கு வரும். வடமொழியின் சுகசப்ததி இன்னும் வெளிப்படை. கணவன் ஊரில் இல்லை, மனைவி காதலனிடம் போகக் கிளம்புகிறாள், ஒவ்வோர் இரவும் கூண்டுக் கிளி ஒரு கதை சொல்லி நிறுத்தி வைக்கிறது. எழுபது இரவு. புனத்தில் அவளை வெளியே வரவழைத்த பறவை, வீட்டுக்குள் வந்ததும் காவல்காரனாகிவிட்டது. கூண்டில் இருப்பவனே இன்னொரு கூண்டுக்குக் காவல். அதிகாரம் வேலைசெய்கிற விதத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல பூக்கோவாலும் முடிந்திருக்காது.

கோயிலும் கிளி வளர்த்தது. மதுரை மீனாட்சி கோயிலின் கிளிக்கூட்டு மண்டபத்தில் முன்பு கூண்டுகளில் கிளிகள் இருந்தன. இன்று பெயர் மட்டும் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் வேறு ஏற்பாடு. ஆண்டாளின் கையில் இருக்கும் கிளியைத் தினமும் புதிதாகச் செய்கிறார்கள். மரவள்ளி இலையில் உடம்பு, மாதுளம்பூவில் மூக்கு. மறுநாள் அது பிரசாதம். தமிழ்நாட்டில் இன்று சட்டப்படி கையில் வைத்துக்கொள்ளத் தக்க பச்சைக்கிளி அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் 1991இல் வந்த திருத்தமும் நம் ஊர்ப் பறவைகளைப் பிடிப்பதையும் விற்பதையும் குற்றமாக்கின. செந்தார்ப் பைங்கிளி, அதாவது நாம் பச்சைக்கிளி என்கிற கழுத்து வளையக்காரன், 2022 திருத்தத்துக்குப் பின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. கூண்டில் வைத்திருந்தால் மூன்றாண்டு வரை சிறைக்கு இடமுண்டு. 2024 ஏப்ரலில், மக்களவைத் தேர்தல் சமயம், கடலூர் வேட்பாளர் தங்கர் பச்சான் கிளி சோதிடம் பார்த்த காட்சி எல்லாத் திரையிலும் ஓடியது. கிளி வெற்றிச் சீட்டு எடுத்தது. வனத்துறை வந்து சோதிடரைப் பிடித்தது. வேட்பாளருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆகவேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. குறி கேட்டவன், அதைப் படம் பிடித்தவன், பார்த்துச் சிரித்தவன் எல்லாரும் ஒருபக்கம். கிளியை வைத்துப் பிழைத்தவன் மட்டும் மறுபக்கம்.

எங்கள் ஊரிலும் கிரிவலப் பாதையில் சோதிடர்கள் உட்காருவார்கள். ஒரு மரப்பெட்டி, பறக்க முடியாதபடி இறகு வெட்டிய கிளி, நட்சத்திரத்துக்கு ஒன்றாக இருபத்தேழு சீட்டு, ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு நெல்மணி கூலி. கிளி வெளியே வந்து, சீட்டைத் தள்ளித் தள்ளி ஒன்றைக் கொடுத்துவிட்டுத் தானாகவே உள்ளே போய்விடும். சின்ன வயதில் எனக்குப் பயம் தந்தது குறி அல்ல, அந்தத் தானாக உள்ளே போவதுதான். எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. பனைமரப் பொந்திலிருந்து யாரோ எடுத்துவந்த குஞ்சு. கோவைப்பழம், மிளகாய், பாலில் நனைத்த ரொட்டி. 'அக்கா' என்று ஒரு வார்த்தை கற்றுக்கொண்டது. அம்மா கத்தரியால் இறகு வெட்டுவாள். ஒரு முறை நான் வெட்டினேன். ஆழமாகப் போய்விட்டது. ரத்தம் நிற்கவேயில்லை. அது 'அக்கா' என்று கூப்பிடவில்லை, கிளியாகக் கத்தியது. இந்தக் கட்டுரை ஒருவிதத்தில் அந்தச் சத்தத்திலிருந்து வருவதுதான்.

ஆகவே சட்டத்தின்மேல் எனக்குப் புகார் இல்லை. பொந்துக்குள் கைவிட்டு எடுக்கிற குஞ்சுகளில் கூண்டுவரை உயிரோடு வந்து சேருவது சில. என் கேள்வி வேறு.

போன வருஷம் என் மகள் ஒரு கிளி வேண்டும் என்றாள். பச்சைக்கிளி கூடாதென்று அவளுக்கே தெரியும், பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறார்கள். "அது இல்லப்பா, ஆப்பிரிக்கன் கிரே. அது வெச்சிக்கலாம்." உடம்பெல்லாம் சாம்பல், வால் மட்டும் ரத்தச் சிவப்பு. சிநேகிதி வீட்டில் இருக்கிறதாம். அந்த வீட்டு அழைப்புமணி மாதிரியே அது கூவுமாம், யாரோ வந்துவிட்டார்கள் என்று எல்லாரும் கதவுக்கு ஓடுவார்களாம்.

விசாரிக்கப் போனேன். வேறு ஊர்க் கடை, பெயர் வேண்டாம். அங்கே எனக்கு ஒரு பாடமே நடந்தது. கண் கறுப்பாக இருந்தால் குஞ்சு, வயது ஏற ஏற வெளிறி மஞ்சளாகும். ஆண் பெண் பார்த்துத் தெரியாது, இறகை அனுப்பி மரபணுச் சோதனை செய்யவேண்டும். காலில் மூடிய வளையம் இருக்கிறதா பாருங்கள், குஞ்சாக இருக்கும்போது மட்டுமே போடமுடிவது, கூண்டில் பிறந்ததற்கு அதுதான் அடையாளம். அரை கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடை, நாற்பது அறுபது வருஷ ஆயுள். அதாவது நான் போன பிறகும் இருக்கும். தானாகத் தின்னப் பழகுமுன்னே வாங்கி, மாவைக் கரைத்து ஊசிக்குழாயில் ஊட்டினால்தான் ஒட்டிக்கொள்ளும் என்றார் கடைக்காரர். சூடு கொஞ்சம் கூடினால் தொண்டைப் பை வெந்துவிடும் என்பதைப் பிறகு ஒரு கால்நடை மருத்துவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். தின்னத் தெரிந்த பறவையை வாங்குவதே உத்தமம், அன்பாக நடத்தினால் அதுவும் ஒட்டும் என்றார் அவர். சூரியகாந்தி விதை மட்டும் போட்டால் உயிர்ச்சத்து ஏ குறையும். இந்த இனத்துக்குச் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து வலிப்பே வரும், அதனால் கீரை, காய், காலை வெயில் மூன்றும் வேண்டும். வெண்ணெய்ப்பழமும் சாக்லேட்டும் விஷம். ஒட்டாத பூச்சுப் போட்ட தோசைக்கல் காய்ந்து புகைந்தால் அந்தப் புகையே கொல்லும். கடிக்க வேப்பங்குச்சி, தூங்கப் பத்துப் பன்னிரண்டு மணி நேர இருட்டு. எல்லாவற்றுக்கும் மேல் ஆள் வேண்டும், தினமும், மணிக்கணக்கில். இல்லையென்றால் தன் இறகைத் தானே பிய்த்துக்கொள்ளும். கூண்டில் நெஞ்சு முழுக்க மொட்டையாக ஒரு பறவையைப் பார்த்தேன். "அது சேல்ஸ்க்கு இல்ல சார்" என்று துணியை இழுத்து மூடினார்கள்.

விலை சொன்னதும் மகளின் கல்விக்கட்டணம் ஞாபகத்துக்கு வந்தது. இருக்கட்டும்.

இந்தப் பறவையின் வரலாறு வேறு. கானாவிலிருந்து காங்கோ வரையிலான காடுகள் அதன் ஊர். ஐரோப்பியக் கப்பல்கள் மனிதர்களை ஏற்றிச் சென்ற அதே கரை. 1970களின் நடுவில் தொடங்கி நாற்பதாண்டுக்குள் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட காட்டுப் பறவைகள் ஏற்றுமதியாயின. வழியில் செத்தவை அந்தக் கணக்கில் இல்லை. கானாவில் 1992க்குப் பிறகு நூற்றில் தொண்ணூறுக்கு மேல் அழிந்துவிட்டன என்று 2016இல் வந்த ஆய்வு சொன்னது. அதே ஆண்டு ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய சைட்டிஸ் மாநாடு இதை முதல் பட்டியலில் சேர்த்து, காட்டுப் பறவைகளின் பன்னாட்டு வணிகத்தைத் தடுத்தது. இதற்கிடையில் சிகாகோவில் ஒரு கடையில் 1977இல் ஐரீன் பெப்பர்பெர்க் வாங்கிய அலெக்ஸ் என்ற சாம்பல் கிளி, நிறமும் வடிவமும் எண்ணும் சொல்லி, ஒப்பிட்டு, வேண்டாம் என்று மறுக்கவும் கற்று, 2007இல் செத்தது. கிளிப்பிள்ளை என்ற நம் சொல்லை அது ஒரு வழியாக்கிவிட்டது. அதற்குப் புத்தி உண்டென்று நிரூபணமானது. நிரூபணமானதால் சந்தையில் இன்னும் கிராக்கி கூடியது.

இந்தியாவில்? 2020இல் ஒன்றிய அரசு ஒரு திட்டம் அறிவித்தது. வெளிநாட்டு உயிரினம் வைத்திருப்போர் ஆறு மாதத்துக்குள் தாமாக அறிவித்தால் எங்கிருந்து வந்தது என்ற ஆவணம் கேட்கமாட்டோம் என்று. பிறகு 2022 திருத்தத்தில் சைட்டிஸ் பட்டியல் உயிரினங்கள் நான்காம் அட்டவணையாயின. 2024 பிப்ரவரியில் பதிவு விதிகள் வந்தன, பரிவேஷ் இணையதளத்தில் பதிவுசெய்ய மீண்டும் ஆறு மாதம். ஆக, கடல்கடந்து வந்த கிளிக்கு மன்னிப்பும் எண்ணும் சான்றிதழும் கிடைக்கிறது. மரத்தடிக் கிளிக்காரனுக்கு இப்படி ஓர் ஆறு மாதத்தை யாரும் தந்ததில்லை. இரண்டும் கூண்டுதான், இரண்டும் வெட்டிய இறகுதான். சட்டம் பார்ப்பது கிளியின் துன்பத்தை அல்ல, அதன் ஊரை. ஊர் என்றால் வாங்குகிறவனின் வர்க்கமும் கூடவே வந்துவிடுகிறது. இயற்கைப் பாதுகாப்பு என்ற பொதுச்சொல்லுக்குள் இந்த வித்தியாசம் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது.

சோதிடரையும் கிளியையும் ஒரே தட்டில் வைத்து இருவரும் பாவம் என்று சொல்லி முடித்துக்கொள்ளலாம். அது சுலபம். அவர் கிளியின் இறகை வெட்டியவர். நானும் வெட்டியவன்.

மகளிடம் வேண்டாம் என்று சொன்னேன். காரணம் கேட்டாள். நாற்பது வருஷம், காங்கோ, தொண்டைப் பை, எல்லாம் சொன்னேன். "காசு இல்லன்னு சொல்லேம்ப்பா" என்றாள். அதுவும் உண்மைதான்.

கிரிவலப் பாதையில் தெரிந்த சோதிடர் ஒருவர் இப்போது கிளியில்லாமல் உட்காருகிறார். பெட்டி இருக்கிறது, கதவு திறந்தே கிடக்கிறது. சீட்டைக் கேட்க வந்தவர்களையே எடுக்கச் சொல்கிறார். "நம்புறாங்களா?" என்று கேட்டேன். "எங்க சாமி. தன் கையாலயே எடுத்தா எவனுக்கு நம்பிக்கை வரும்? அதுவா எடுத்துக் குடுத்தாதான் தெய்வம் சொன்ன மாதிரி." சொல்லிக்கொண்டிருக்கும்போதே தலைக்குமேல் ஒரு கூட்டம் கத்திக்கொண்டு போனது, கோயில் பக்கமாக. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. சீட்டுக் கட்டைத் தட்டி அடுக்கி, என் பக்கம் நகர்த்தினார்.