நோயாளியின் முகமும் கருவியின் திரையும்

மூன்று விரல்களை மணிக்கட்டில் வைத்து, வாதம், பித்தம், ஐயம் ஆகியவற்றின் நடையை உணர்ந்து நோய் கண்டவர் நம் சித்த மருத்துவர். அவருடைய பார்வை நோயாளியை விட்டு அகலவில்லை. இன்றோ தாராவிக்கு அண்மையிலுள்ள சயான் மருத்துவமனை போன்ற பெருமருத்துவமனைகளில், தீவிர சிகிச்சைக் கட்டில்தோறும் மானிட்டர் ஒளிர்கிறது. மருத்துவரின் பார்வை நோயாளிக்கும் திரைக்குமாகப் பகிரப்பட்டுவிட்டது. இது நிகழ்ந்த வரலாற்றைச் சிறிது காண்போம்.

இரத்தத்தில் பிராணவாயு குறைந்தால் உதடு நீலம் பாரிக்கும் என்று மருத்துவர் நம்பியிருந்தனர். அந்நீலத்தைக் கண் எவ்வளவு காண்கிறது என்று 1947-இல் கோம்ரோ, பொடெல்யோ என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் சோதித்தனர். பிராணவாயு நிறைவு ஏறத்தாழ 80 விழுக்காட்டுக்கு இறங்கும்வரை பலருக்கு அது புலப்படவேயில்லை. இக்குறையை நீக்க வழிகண்டவர் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி. நாடித் துடிப்போடு ஏறி இறங்கும் ஒளியைக்கொண்டு பிராணவாயுவை அளக்கும் முறையை அவர் 1974-இல் வெளியிட்டார். அதன் பயனே பல்ஸ் ஆக்சிமீட்டர். பின்னர், பிராணவாயு குறையக் குறையத் தாழ்ந்தொலிக்கும் துடிப்பொலியும் கருவியிற் சேர்ந்தது. வேறு பணியில் ஈடுபட்டிருப்பவரின் விழியையும் அவ்வொலி திரைக்குத் திருப்புகிறது. அறுவை அரங்கில் மயக்க மருத்துவரின் விழியசைவை அளந்த ஆய்வுகளோ, அவர் திரையை நோக்கும் நேரம் சிறு பகுதியே என்று காட்டுகின்றன. ஆதலால் செவியின் துணை இன்றியமையாததாயிற்று. ஆயினும் அபாய ஒலி அடிக்கடி காரணமின்றி எழுமாயின், கேட்பவர் செவி மரத்துப்போகும் என்பதையும் அனுபவம் உணர்த்தியுள்ளது.

2020 ஏப்ரல் 1-ஆம் நாள் தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். அம்மாதத்திலேயே அவோயாகி காலமானார். அவர் வழிகண்ட சிறு கருவியை ஏந்தி, மருத்துவரும் மாநகராட்சிப் பணியாளரும் தாராவியின் சந்துகளில் வீடுவீடாகச் சென்றனர். இந்நோயில், மூச்சுத் திணறலே இல்லாமல் இயல்பாக உரையாடிக்கொண்டிருப்பவர்க்கும் பிராணவாயு ஆபத்தான அளவுக்குக் குறைந்திருப்பதுண்டு. முகம் மறைத்ததை விரல்நுனிக் கருவி வெளிப்படுத்தியது.

ஆனால் கருவியும் பிழைபடும். கருநிறத் தோலுடையோரிடம் அது உள்ளதைவிட மிகுத்துக் காட்டக்கூடும் என்று 2020 இறுதியில் வெளியான அமெரிக்க ஆய்வொன்று எச்சரித்தது. நம்மவர் பலர்க்கும் இது பொருந்தக்கூடிய எச்சரிக்கை அன்றோ? ஆகவே, திரையில் எண் நன்றாயிருப்பினும் நோயாளியின் மூச்சையும் தெளிவையும் நோக்குதல் வேண்டும்.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வாழும் நாம் இதில் செய்யத்தக்கதொன்று உண்டு. நம் வீட்டு முதியோர் பலர் தம் துன்பத்தைத் தமிழிலேயே சொல்ல வல்லவர். மராத்தி பேசும் செவிலியர்க்கு அச்சொல் விளங்காது. திரையும் அதனைக் காட்டாது. 'நெஞ்சை அடைக்கிறது' என்று அவர் முணுமுணுத்தால், எண்ணைப் பார்த்து ஆறுதல் கொள்ளாமல், அச்சொல்லை உடனே செவிலியரிடம் மொழிபெயர்த்துச் சொல்வோமாக.