ஆப்பிரிக்க அமெரிக்க வாய்மொழிக் கதைமரபு

அமெரிக்க ஐக்கிய நாட்டுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களும் அவர்களின் வழிவந்தோரும் வளர்த்த கதைசொல்லும் கலை. விலங்குக் கதை, பேய்க் கதை, ஒருவரை ஒருவர் விஞ்சச் சொல்லும் புளுகுக் கதை எனப் பல வகைகள் இதில் உண்டு. கேட்போர் உம் கொட்டுவதோடு நிற்பதில்லை. எதிர்க்குரல் கொடுத்தும் கைதட்டியும் பாடியும் கதையைத் தாங்களும் சேர்ந்து நடத்துவர்.

தோற்றம்

மேற்கு ஆப்பிரிக்காவில் கிரியோ எனப்படும் பாணர்கள் அரச குலங்களின் வரலாற்றை மனப்பாடமாகப் பாடிவந்தனர். 13ஆம் நூற்றாண்டில் மாலிப் பேரரசை நிறுவிய சுந்தியாத்தாவின் காவியம் இவர்கள் வாய்வழியே நிலைத்தது. இன்றைய கானாவில் வாழும் அக்கான் மக்களின் தந்திரச் சிலந்தி அனான்சி, அடிமைக் கப்பல்களில் வந்தவர்களோடு ஜமைக்காவை அடைந்தது. ஹைத்தியில் சொல்பவர் ‘கிரிக்?’ என்று கேட்பார், கூட்டம் ‘கிராக்!’ என்று முழங்கிய பிறகே கதை தொடங்கும்.

அடிமைக் காலம்

தென் கரோலினாவில் 1739இல் நடந்த ஸ்டோனோ கிளர்ச்சிக்குப் பின், 1740ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைகளுக்கு எழுதக் கற்பிப்பதையும் அவர்கள் முரசு வைத்திருப்பதையும் தடை செய்தது. பேச்சைப் பறிக்க எந்தச் சட்டத்தாலும் இயலவில்லை. நரியையும் ஓநாயையும் ஏய்க்கும் முயலின் கதைகளும், எசமானை மடக்கும் ஜான் என்ற அடிமையின் கதைகளும் பரவின. வலியவன் தோற்கும் இடத்தில் எல்லோரும் கூடிச் சிரிக்கலாம். சிரிப்பு முயலைப் பற்றியதுதான் என்று சாதிக்கவும் செய்யலாம். கரும்பும் பருத்தியும் விளைந்த நிலங்களிலிருந்து சிறகு விரித்து ஆப்பிரிக்காவுக்கே பறந்துபோனவர்களின் கதை, ஜார்ஜியாவின் கடலோரத் தீவுகளில் வாழும் கல்லா கீச்சி மக்களிடையே வழங்கியது.

தொகுப்புகள்

வெள்ளையரான இதழாளர் ஜோயல் சாண்ட்லர் ஹாரிஸ் 1880இல் முயல் கதைகளை நூலாக்கிப் புகழ்பெற்றார். பண்ணை வாழ்வை ஏக்கத்தோடு நினைக்கும் முதியவர் ஒருவர் வெள்ளைச் சிறுவனுக்குச் சொல்வதாக அவர் அமைத்ததால், கதை பிறந்த கூட்டம் ஏட்டில் காணாமற்போனது. 1893இல் வர்ஜீனியாவின் ஹாம்ப்டன் கல்வி நிலையத்தில் ஆலிஸ் பேக்கன் தொடங்கிய நாட்டார் வழக்காற்றுக் கழகத்தில், கறுப்பினப் பட்டதாரிகள் தம் மக்களின் கதைகளைத் தாமே திரட்டினர்.

ஃபுளோரிடாவின் ஈட்டன்வில், கறுப்பின மக்கள் தாமே ஆண்ட ஊர். அங்கே வளர்ந்த சோரா நீல் ஹர்ஸ்டன், மானிடவியலர் ஃபிரான்ஸ் போவாஸின் மாணவி. ஊர்க் கடைத் திண்ணையில் நடந்த புளுகுப் போட்டிகளை 1935இல் வெளியான ‘மியூல்ஸ் அண்ட் மென்’ நூலில் பதிந்தார். கதைகளைத் தனியே பிரித்தடுக்காமல், இடைமறிப்பு, கேலி, சீண்டல், வெடிச்சிரிப்பு ஆகியவற்றோடு சேர்த்தே எழுதியதால் கேட்போரும் நூலுக்குள் இடம்பெற்றனர்.

மேடைக்காலம்

பால்டிமோர் நூலகரும் ஆசிரியருமான மேரி கார்ட்டர் ஸ்மித், ஃபிலடெல்பியாவின் லிண்டா காஸ் ஆகியோரின் முயற்சியால் 1983இல் பால்டிமோரில் கறுப்பினக் கதைசொல்லிகளின் முதல் தேசிய விழா நடந்தது. அதிலிருந்து வளர்ந்த தேசியச் சங்கம் ஆண்டுதோறும் வெவ்வேறு நகரங்களில் விழாவை நடத்திவருகிறது. பறந்துபோனவர்களின் கதையை வர்ஜீனியா ஹாமில்டன் 1985இல் சிறுவர் நூலாக்கினார். இன்றைய கதைசொல்லிகள் பலர், கதைக்கு முன் அவையோருக்கு மறுமொழி வரியைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்த வரி திரும்பி வந்த பிறகே அடுத்த நிகழ்ச்சிக்கு நகர்கிறார்கள்.